கார் தானா பிரேக் போடுதா? உங்க பாலிசியையும் ஒரு தடவை பாருங்க

போன வாரம் கார் லோன் வீடியோ போட்டதுல இருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது: "டாப் வேரியன்ட்ல ஏடிஏஎஸ் இருக்கு, ஒன்றரை லட்சம் கூட ஆகுது, வாங்கலாமா?"

முதல்ல கணக்கு. அந்த ஒன்றரை லட்சத்தையும் 9% வட்டியில் 7 வருஷ லோனில் சேர்த்தால், இஎம்ஐ சுமார் 2,400 ரூபாய் கூடும். மொத்தமா கட்டுறது கிட்டத்தட்ட 2 லட்சம். இந்தப் பணத்துக்கு உண்மையாவே உயிரைக் காப்பாத்துற வசதி கிடைக்குது, அதில் சந்தேகமில்லை. ஆனா ஷோரூம்ல சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. முன்னாடி எதுவுமே இல்லாதப்பவும் கார் சில சமயம் பிரேக் போடும். இதுக்குப் பேரு பேன்டம் பிரேக்கிங்.

அமெரிக்காவில் 2022 பிப்ரவரியில் டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் கார்கள் மீது 354 புகார்கள் வந்து, சுமார் 4,16,000 கார்களைப் பற்றி அரசு விசாரணை தொடங்கியது. அதனால இது ஏதோ நம்ம ஊரு ரோட்டோட பிரச்சனை மட்டும்னு நினைக்காதீங்க. மேம்பாலம், தலைக்கு மேல இருக்கிற இரும்புப் பலகை, வளைவுல பக்கத்து லேன்ல போற லாரி, ரோட்டுல விழுற நிழல்... இதையெல்லாம் ரேடாரும் கேமராவும் தடைன்னு தப்பா எடுத்துக்கலாம். நம்ம ஊர்ல கூடுதலா, விட்ட இடைவெளியில் புகுந்து வர்ற பைக் வேற!

க்ரூஸ்ல போகும்போது கார் காரணமில்லாம வேகம் குறைஞ்சா, முன்னாடி காலியா இருக்குன்னு பார்த்துட்டு ஆக்ஸிலரேட்டரை லேசா அழுத்துங்க. பெரும்பாலான கார்களில் உங்க கால்தான் ஜெயிக்கும். பதட்டத்துல பிரேக்கை மிதிச்சா க்ரூஸ் ஆஃப் ஆகி வேகம் இன்னும் குறையும், பின்னாடி வர்றவர் கதி? அதனால கால் எப்பவும் பெடல் பக்கத்துலயே இருக்கட்டும். மழை, நெரிசல், ஊருக்குள்ள... க்ரூஸே வேண்டாம். பம்பர் கார்டு மாட்டி ரேடாரை மறைக்காதீங்க. முன் கண்ணாடி மாத்தினா கேமரா கேலிப்ரேஷன் பண்ணாங்களான்னு பில்லைப் பாருங்க.

இப்போ பணம். பின்னாடி வண்டி இடிச்சா தப்பு முழுக்க அவர் மேலதான்னு நினைக்கிறோம். போதிய இடைவெளி விடணும்னு 2017 வாகன ஓட்டுநர் விதிமுறைகள் சொல்லுது, சரிதான். அதே விதிமுறைகள், தகுந்த காரணமில்லாம திடீர்னு பிரேக் போடக் கூடாதுன்னும் சொல்லுது. "கார்தான் போட்டுச்சு சார்"னு நிரூபிக்க உங்ககிட்ட என்ன இருக்கு? முன்னும் பின்னும் பதிவு பண்ற டேஷ்கேம் ஒண்ணு வாங்கிடுங்க, இஎம்ஐ-ல ஒரு மாசக் காசை விடக் கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை.

அடுத்து, சின்ன பம்பர் அடிக்கு அவசரப்பட்டு சொந்தப் பாலிசியில் க்ளைம் போட்டுடாதீங்க. உங்க நோ க்ளைம் போனஸ் 50%-ல இருக்கு, ஓன் டேமேஜ் பிரீமியம் 20,000 ரூபாய்னு வைங்க. ஒரே க்ளைம், போனஸ் பூஜ்யம். அப்புறம் 20, 25, 35, 45 சதவீதம்னு படிப்படியா ஏறி 50-க்குத் திரும்புறதுக்குள்ள மொத்தம் 25,000 ரூபாய் போயிடும். ரிப்பேர் 15,000 தான்னா, கையில இருந்து கட்டுறதே லாபம். போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுத்திருந்தா கணக்கு வேற.

ஒரு தடவை இப்படி பிரேக் போட்டாலும் தேதி, இடம், வேகம் குறிச்சு வச்சு, சர்வீஸ் சென்டர்ல ஜாப் கார்டில் எழுத வைங்க. வாரன்ட்டி முடிஞ்ச பிறகு கேட்டா, வாய்வார்த்தைக்கு எந்த மதிப்பும் இருக்காது. ஆட்-ஆன் விலை எவ்வளவு, யாருக்குத் தேவைன்னு அடுத்த வீடியோவில் பார்ப்போம்.