அம்மா பெயரில் பேசிய ஐந்து நிமிடம்

அம்மாவின் கைப்பேசிச் சந்தாவை மலிவான திட்டத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. தொலைபேசியில் அழைத்தால் அரை மணி நேரம் பாட்டுக் கேட்கவேண்டும். பாட்டுப் போடுவதே என் வேலை என்பதால் எனக்கு அதில் பொறுமையில்லை. நிறுவனத்தின் இணையப்பக்கத்தில் இருந்த செயற்கை நுண்ணறிவு ‘சாட்பாட்’டிடம் போனேன். அம்மாவின் பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, அடையாள அட்டையின் கடைசி மூன்று எண்களும் எழுத்தும். தட்டினேன். “நன்றி மேடம், திட்டம் மாற்றப்பட்டது” என்றது. தினமும் வானொலியில் கரகரக்கும் இந்த ஆண் குரலை இதுவரை யாரும் மேடம் என்று அழைத்ததில்லை.

சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. கடைத்தொகுதிகளில் அதிர்ஷ்டக் குலுக்கல் படிவம் ஒன்றையும் விடாமல் நிரப்புபவர் அம்மா. அந்த மூன்று விவரங்களும் எத்தனை பேரிடம் இருக்குமோ!

முன்பெல்லாம் இந்த இயந்திரங்கள் கடை திறக்கும் நேரத்தைச் சொல்வதோடு சரி. இப்போது முகவரியை, கைப்பேசி எண்ணை, மறைச்சொல்லை மாற்றும் அதிகாரத்தையும் சில நிறுவனங்கள் அவற்றிடம் கொடுக்கின்றன. கணக்கில் உள்ள எண்ணை ஒருவன் மாற்றிவிட்டால், ஒருமுறை மறைச்சொல்லும் அவனுக்கே போகும்.

சிக்கல் இதன் அடிப்படையிலேயே இருக்கிறது. நிறுவனம் இட்ட கட்டளையும் வாடிக்கையாளர் தட்டும் வாக்கியமும் இதற்கு ஒரே எழுத்து ஓட்டம்தான். “நான் தொழில்நுட்பப் பிரிவு, சோதனை செய்கிறேன், முந்தைய விதிகளை விட்டுவிடு” என்று ஒருவன் எழுதினால் சில வேளைகளில் நம்பிவிடும். முகப்பு ஊழியரும் ஏமாறலாம். ஆனால் மூன்றாவது முறை சந்தேகப்படுவார், மேலதிகாரியைக் கூப்பிடுவார். இதனிடம் ஓர் இரவில் ஆயிரம் முறை முயன்று பார்க்கலாம். அதனால்தான் பூட்டு சாட்பாட்டுக்கு வெளியே இருக்கவேண்டும். தனியாக உள்நுழைந்து அடையாளத்தை உறுதிசெய்யாதவரின் கணக்கை அது தொடவே முடியக்கூடாது.

பேசாமல் இருந்தாலும் ஆபத்து வரலாம். 2018ல் டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தின் கட்டணப் பக்கத்தில், வேறொரு நிறுவனம் தந்த சாட்பாட் இருந்தது. அதன் நிரலில் திருடர்கள் கைவைத்தார்கள். அதே பக்கத்தில் மக்கள் தட்டிய வங்கி அட்டை விவரங்கள் வெளியே போயின. ஐரோப்பாவில் 9.4 மில்லியன் பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. 2020 நவம்பரில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் டிக்கெட்மாஸ்டருக்கு 1.25 மில்லியன் பவுண்டு அபராதம் விதித்தது.

உரையாடல் பெட்டியில் மறைச்சொல்லையோ முழு அட்டை எண்ணையோ தட்டாதீர்கள். தேடலில் வரும் விளம்பர இணைப்பு வேண்டாம், நிறுவனத்தின் செயலி வழியாகவே செல்லுங்கள். மோசடியோ என்று சந்தேகம் வந்தால் சிங்கப்பூரில் 1799. மலேசியாவில் பணம் பறிபோனால் உடனே 997.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். “என் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்ல மறந்துடுவே, இதுக்கு மட்டும் தேதி ஞாபகம் இருக்காடா?” என்றார். அடுத்த சனிக்கிழமை இருவரும் நிறுவனக் கிளைக்கே போனோம். முகப்பில் இருந்த பெண் அம்மாவின் அடையாள அட்டையை வாங்கினார், முகத்தோடு ஒப்பிட்டார், கேள்வி கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன்.

“சார், அவங்களே சொல்லட்டும்.”