அத்தை பார்த்த அத்திக்கடவு



சுற்றுலா என்றாலே நம்மில் பலருக்கு ஊட்டி, கொடைக்கானல், இல்லாவிட்டால் பழனி, திருச்செந்தூர்தான் ஞாபகம் வரும். அங்கே போவதற்கும் முதல் நாள் ராத்திரியே புளிசாதம் கிளறி, தக்காளித் தொக்கு வதக்கிக் கட்டி எடுத்துப் போவது நாம்தான். திரும்பி வந்து பாத்திரத்தை விளக்கி வைப்பதும் நாம்தான். அடுப்பை நினைக்காமல், காட்டுக்குள்ளே தண்ணீர் மேலே ஒரு நாள் பொழுதைக் கழிக்க முடியுமா? முடியும் தோழிகளே! கோவையிலிருந்து சுமார் 70 கி.மீ. தூரத்தில் பரளிக்காடு என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே போய் வந்ததைத்தான் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

பரளிக்காடு, கோவை வனக்கோட்டத்தில் காரமடை வனச்சரகத்தைச் சேர்ந்தது. பில்லூர் அணையில் தேங்கி நிற்கும் பவானி ஆற்றுத் தண்ணீரின் கரையில் இருக்கிறது. சுற்றிலும் இருளர் மக்களின் சின்னச் சின்னக் கிராமங்கள். வனத்துறையும் அந்த மக்களும் சேர்ந்து சனி, ஞாயிறுகளில் பரிசல் சவாரி நடத்துகிறார்கள். முன்கூட்டியே பதிவு செய்தவர்களை மட்டும்தான் விடுவார்கள். நினைத்த நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு போய் நிற்க முடியாது.

இதைக் கேள்விப்பட்டதும் என் கணவரும் பிள்ளைகளும் உடனே சரி என்று விட்டார்கள். அத்தையைக் கூட்டிப் போவதில்தான் பிரச்சினை வந்தது. அத்தைக்கு வயது எழுபதுக்கு மேல். "வயசானவங்களைத் தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போவாங்களா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் தடுத்தார்கள். அத்தையும் முதலில், "நான் ஊட்டுக்குக் காவலா இருக்கறேன், நீங்க போயிட்டு வாங்க கண்ணு" என்றுதான் சொன்னார்கள். ஆனால், போகிற வழியைப் பற்றி என் கணவர் பேசும்போது 'அத்திக்கடவு' என்ற பெயர் வந்தது. அத்தை அரிசி பொடைப்பதை நிறுத்திவிட்டு, "எந்த அத்திக்கடவு? நம்ம அத்திக்கடவா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றதும், "அப்ப நானும் வாறேன்" என்று முறத்தைக் கீழே வைத்துவிட்டார்கள்.

கொங்கு நாட்டுக்கு வெளியே இருக்கும் தோழிகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். என் புகுந்த வீடு அன்னூர் பக்கம். ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. மழையையும் கிணற்றையும் நம்பித்தான் வெள்ளாமை. அத்தை வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் மாடு கட்டி கவலை இறைத்த கிணறு, பிறகு மோட்டார் வைத்ததும் வற்றிவிட்டது. அப்புறம் ஆழ்துளைக் கிணறு. ஆயிரம் அடிக்கு மேலே ஓட்டியும் ஒரு முறை புகைதான் வந்தது.

பவானியில் வெள்ளம் வரும் காலத்தில் மிச்சமாகப் போகும் தண்ணீரை அத்திக்கடவிலிருந்து எடுத்து அவினாசி, அன்னூர் போன்ற வறண்ட பகுதிக் குளங்களை நிரப்ப வேண்டும் என்பது எங்கள் பக்கத்து விவசாயிகளின் அறுபது ஆண்டுக்கும் மேலான கோரிக்கை. மாமா எத்தனையோ கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் போய் வந்தவர். ஒவ்வொரு தேர்தலிலும் "இந்த வாட்டி அத்திக்கடவு வந்துரும்" என்று நம்பினவர். அந்தத் திட்டத்துக்கு 2019ல் அடிக்கல் நாட்டியபோது மாமா உயிரோடு இல்லை.

காரமடை தாண்டி வெள்ளியங்காடு வந்ததும் சமவெளி முடிந்து மலைப்பாதை தொடங்குகிறது. சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி விசாரித்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். அதற்கப்புறம் கடை கண்ணி கிடையாது. இரண்டு பக்கமும் காடு. சாலையில் காய்ந்தும் காயாமலும் யானைச் சாணி. அத்தை முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள்!

பரளிக்காட்டில் இறங்கியதும் சூடாகச் சுக்குக் காபி கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு உயிர்காப்புச் சட்டை. அதைப் போட்டுக்கொள்ளாமல் பரிசலில் ஏற விடுவதில்லை. சேலைக்கு மேலே அதை மாட்டி நாடாவை இழுத்துக் கட்டியதும் அத்தைக்கு வெட்கம் தாங்கவில்லை. பரிசல்காரத் தம்பி, "பயப்படாதீங்கம்மா, நடுவுல உக்காந்துக்குங்க, எந்திரிக்க மட்டும் கூடாது" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

பரிசல் கரையை விட்டு நகர்ந்ததும் பேச்சு தானாகவே நின்றுவிட்டது. மோட்டார் சத்தம் கிடையாது. துடுப்பு தண்ணீரைத் தள்ளும் சத்தம் மட்டும்தான். இரண்டு பக்கமும் மலை நேராக எழும்பி நிற்க, அதன் நிழல் தண்ணீரில் பச்சையாக விழுந்து கிடக்கிறது. ஒரு திருப்பம் திரும்பினால் இன்னொரு மலை. கரையோரச் சேற்றில் யானைகள் தண்ணீர் குடிக்க இறங்கிய கால் தடங்களைப் பரிசல்காரர் காட்டினார். "சாயங்காலமானா இது அவுங்க எடமுங்க" என்றார். அவர் யானையை 'அவுங்க' என்று மரியாதையாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், "அம்மா, இது நார்வே ஃபியோர்டு மாதிரியே இருக்குது" என்றாள். அது என்ன என்று வீட்டுக்கு வந்து அவளையே விளக்கச் சொன்னேன். பனிக்காலத்தில் மலை மேலிருந்து இறங்கிய பனியாறுகள் ஆழமாகப் பள்ளத்தாக்கைக் குடைந்துவிட்டன. பனி உருகிய பிறகு கடல் உள்ளே புகுந்துவிட்டது. மலைக்கு நடுவே நீண்டு கிடக்கும் அந்தக் கடல் நாக்குக்குத்தான் ஃபியோர்டு என்று பெயராம். நார்வேயின் சோக்னே ஃபியோர்டு 200 கி.மீ.க்கு மேல் நீளம், சுமார் 1,300 மீட்டர் ஆழம்!

நம் பில்லூர் அப்படி உண்டானது இல்லை. ஆறு அறுத்த பள்ளத்தாக்கை மனிதர்கள் அணை கட்டி நிறைத்தது. குந்தா நீர்மின் திட்டத்துக்காக 1960களில் கட்டிய அணை இது. அந்தத் திட்டத்துக்குக் கனடா நாடு உதவி செய்தது. அணையின் முழு நீர்மட்டம் 100 அடி. பவானி நீலகிரியில் பிறந்து, கேரளாவுக்குள் போய், அட்டப்பாடியைச் சுற்றித் திரும்பவும் நம் பக்கம் வந்து இங்கே தேங்குகிறது. இங்கிருந்து கரண்டுக்கும் போகிறது, கோவை மக்கள் குடிக்கவும் போகிறது. சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றி நாம் பெருமை பேசுவோம். ஆனால் நகரத்தின் எத்தனையோ வீடுகளில் குழாயைத் திறந்தால் வருவது பில்லூர் தண்ணீர்தான். வாரக்கணக்கில் தண்ணீருக்குக் காத்திருந்து, வந்ததும் குடம், அண்டா, போசி என்று எல்லாவற்றிலும் பிடித்து வைக்கும் நமக்கு, அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டால் போதும். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரைக் கீழே கொட்ட மனசு வராது.

கரைக்கு வந்தபோது நல்ல பசி. கிராமத்துப் பெண்கள் சமைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். கேசரி, சப்பாத்தி, குருமா, பிரியாணி, கோழிக் குழம்பு, ராகிக் களி, கீரை, தயிர் சாதம், கடைசியில் வாழைப்பழம். நான் உட்கார்ந்த இடத்தில் இன்னொரு பெண் பரிமாற, சூடு ஆறாமல் சாப்பிட்டு எத்தனை நாள் ஆகிறது! அத்தை களியை ஒரு வாய் போட்டுவிட்டு, "அம்மிணி, எங்கூட்டுக் களியாட்டவே இருக்குது. கட்டியே தட்டுல, நல்லாக் கிண்டியிருக்கறே" என்று அந்தப் பெண்ணைப் பாராட்டினார்கள். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

சாப்பிட்ட பிறகு நானும் அத்தையும் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசினோம். முன்பெல்லாம் நெல்லிக்காய், கடுக்காய், தேன், சீமாற்றுப் புல் என்று காட்டில் கிடைப்பதைச் சேகரித்து விற்பதும், கூலி வேலையும்தான் வருமானம். இப்போது குழுவாகச் சேர்ந்து முறை வைத்துச் சமைக்கிறார்கள். ஒரு பெண் தன் கூலியைச் சேர்த்து வைத்து மகளை விடுதியில் தங்கிப் படிக்க வைப்பதாகச் சொன்னார். "தண்ணி ஏறினாலும் எறங்கினாலும் பரிசலை நிறுத்திருவாங்க. அப்ப எங்களுக்கும் வேலை இல்லீங்க" என்றார். நமக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர்களுக்கு அது பிள்ளையின் படிப்பு.

அவர்களுக்கு ஒரே ஒரு வருத்தம். "சிலபேரு எலை நெறைய வாங்கி, பாதிய அப்படியே மூடி வெச்சுட்டுப் போயிருவாங்க. அதுதானுங்க சங்கட்டமா இருக்குது" என்றார் மூத்தவர். விறகுப் புகையில் நின்று சமைத்தவளுக்குத்தானே அந்த வலி தெரியும்? நமக்கும் தெரியும் இல்லையா தோழிகளே!

பிறகு எங்களை அத்திக்கடவுக்குக் கூட்டிப் போனார்கள். பாறைகளுக்கு நடுவே பவானி தெளிந்து ஓடுகிறது. அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிறது. பிள்ளைகள் வனத்துறையினர் காட்டிய இடத்தில் இறங்கிக் குளித்தார்கள். அத்தை ஒரு பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டார்கள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இவ்வளவு கிட்டத்துல இருந்திருக்குது பாரு கண்ணு. உங்க மாமன் எத்தனை கூட்டத்துக்குப் போயிருப்பாரு, ஒரு தடவை வந்து பார்த்ததில்லை" என்றார்கள். எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அத்திக்கடவு - அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. கடைசியில் தண்ணீர் எடுப்பது அத்திக்கடவில் இல்லை. பவானி ஆற்றில் வெகு தூரம் கீழே, ஈரோடு மாவட்டத்தில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே, மிச்சமாக வரும் 1.5 டி.எம்.சி. தண்ணீரை 6 நீரேற்று நிலையங்கள் மூலம் ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு போகிறார்கள். இடம் மாறினாலும் பெயர் மாறவில்லை. எங்கள் ஊர்க் குளத்தில் குழாய் வழியாக முதலில் தண்ணீர் விழுந்த அன்று அத்தை மஞ்சள், குங்குமம் போட்டுக் கும்பிட்டார்கள். குளத்தில் தண்ணீர் நின்றால்தானே சுத்துப்பட்ட கிணறுகள் ஊறும்?

கிளம்பும் முன் அத்தை, நாங்கள் குடிக்கத் தண்ணீர் கொண்டு போயிருந்த தூக்குப் போசியைக் கழுவி, ஆற்றுத் தண்ணீரை மொண்டுகொண்டார்கள். அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது அதை எங்கள் தோட்டத்துப் பழைய கிணற்றில் ஊற்றினார்கள். "அவரு கேட்ட தண்ணி" என்று மட்டும் சொன்னார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பரளிக்காட்டில் கட்டுப்பாடுகள் அதிகம் என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வது உண்டு. பிளாஸ்டிக் கூடாது, மது கூடாது, சாயங்காலம் ஆவதற்குள் இறங்கிவிட வேண்டும். எனக்கு அது நல்லதாகவே பட்டது. நார்வேயிலும் இதே கதைதானாம். அங்கே கெய்ராங்கர் ஃபியோர்டை யுனெஸ்கோ 2005ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பார்க்க வரும் கப்பல்களின் புகை அதிகமாகவே, 2018ல் அந்த நாட்டு நாடாளுமன்றம் புகையில்லாத கப்பல்களை மட்டும்தான் அங்கே விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 2026 முதல் சிறிய கப்பல்களுக்கும், 2032 முதல் பெரிய கப்பல்களுக்கும் அந்த விதி. அவ்வளவு பணக்கார நாடே வருகிறவர்களுக்குக் கட்டுப்பாடு போடும்போது, நம் காட்டுக்கு நாம் அடங்கிப் போனால் என்ன குறைந்துவிடும்?

எங்கள் பக்கம் விருந்துக்கு வரும் உறவுக்காரர்களை 'ஒறம்பரை' என்போம். ஒறம்பரை போன வீட்டில் நாம் சத்தம் போட மாட்டோம், குப்பை போட மாட்டோம், வாங்கிய சோற்றை வீணாக்க மாட்டோம். காட்டுக்கும் அப்படித்தான் போக வேண்டும்.

போக நினைக்கும் தோழிகளுக்குச் சில குறிப்புகள்:

மழைக் காலத்திலும், அணையின் நீர்மட்டத்தைப் பொறுத்தும் சவாரியை நிறுத்திவிடுவார்கள். வனத்துறையிடம் விசாரித்து, பதிவு உறுதியான பிறகு கிளம்புங்கள். சேலையை விட சுடிதார் வசதி. மாற்று உடை, தொப்பி, வழுக்காத செருப்பு அவசியம். மலைப்பாதையில் தலை சுற்றும் என்பவர்கள் எலுமிச்சம்பழமும் இஞ்சி மரப்பாவும் வைத்துக்கொள்ளலாம். தண்ணீருக்கு எவர்சில்வர் போசியே நல்லது. ஆற்றில் அவர்கள் சொல்லும் இடத்தில் மட்டும் குளியுங்கள். பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள். தின்பண்டம் எதையும் மூட்டை கட்ட வேண்டாம், சாப்பாடு அங்கேயே வயிறு நிறையக் கிடைக்கும்.

முக்கியமாக, வீட்டில் இருக்கும் பெரியவர்களை 'காவலுக்கு' விட்டுவிட்டுப் போகாதீர்கள். நமக்கு வெறும் ஊர்ப் பெயராக இருப்பது அவர்களுக்கு எத்தனை வருஷத்து ஆசையோ, யாருக்குத் தெரியும்?

— ஒரு வாசகி, கவுண்டம்பாளையம், கோவை.