கம்பியில்லா ஒலிபெருக்கி: கடைக்குத் தூக்கிச் செல்லுமுன்...

மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா பகுதிகளின் ஒற்றை அறை வீடுகளில், ஒரு காலத்தில் டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்த அலமாரித் தட்டில் இன்று கம்பியில்லா ஒலிபெருக்கி வீற்றிருக்கிறது. கைபேசியில் ஆகாசவாணியின் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியைத் திறந்து, தமிழ் நிலையம் ஒன்றைத் தேர்ந்து, புளூடூத் வழியே பெட்டிக்கு அனுப்பினால் ஊர்க் குரல் அறை முழுதும் கேட்கிறது. இரவு வேலை முடிந்து வருகிறவருக்கு அது பெரிய ஆறுதல்.

போனஸ் பணத்தில் வாங்கிய அந்தப் பெட்டி திடீரென்று விக்கத் தொடங்கினால், மறுநாளே அரைநாள் விடுப்புப் போட்டு ரிப்பேர் கடைக்கு ஓடுகிறவர்கள் பலர். சம்பளமும் போகிறது, கூலியும் போகிறது. ஆனால் இத்தகைய தொல்லைகளில் பலவற்றுக்குக் காரணம் பெட்டிக்குள் இல்லை. அதற்கு வெளியேதான் இருக்கிறது.

விக்கல் ஏன்?

புளூடூத் 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் இயங்குகிறது. பாட்டைச் சுமந்து செல்லும் அலை, 79 தண்டவாளங்களில் வினாடிக்கு 1,600 முறை தடம் மாறி ஓடும் ரயிலைப் போன்றது. இதே பாதையைத்தான் பல வைஃபை பெட்டிகளும், மைக்ரோவேவ் அடுப்பும் பயன்படுத்துகின்றன. சுவரோடு சுவர் ஒட்டிய சால்களில் நெரிசலுக்குக் கேட்பானேன்!

சாதாரணமாகப் புளூடூத் எட்டும் தூரம் சுமார் 10 மீட்டர். இரும்பு பீரோ, கான்கிரீட் சுவர், ஏன், மனித உடலும்கூட அதைக் குறைத்துவிடும். ஆகவே கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடமாடாமல் பெட்டிக்கு அருகில் வைக்க வேண்டும். பெட்டியை பீரோவின் பின்னாலும், வைஃபை பெட்டியின் பக்கத்திலும் வைக்கலாகாது. வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் கைபேசியை அதற்கு மாற்றினால் நெரிசல் குறையும்.

இணைய மறுக்கிறதா?

நாலைந்து பேர் தங்கும் அறையில் இது அன்றாடச் சண்டை. பெட்டி முன்பு பழகிய கைபேசியை நினைவில் வைத்துக்கொண்டு அதனுடனேயே போய் ஒட்டிக்கொள்ளும். மற்றவர்கள் தங்கள் கைபேசிகளில் புளூடூத்தை நிறுத்திவிட வேண்டும். பிறகு பாட வைப்பவர் தம் கைபேசியிலுள்ள பட்டியலில் பெட்டியின் பெயரை நீக்கிவிட்டு, பெட்டியின் புளூடூத் பொத்தானை விளக்கு மின்னும்வரை அழுத்திப் பிடித்துப் புதிதாக இணைக்க வேண்டும்.

உதடு முந்தி, ஒலி பிந்தி

தொலைக்காட்சியில் உதடு அசைந்த பிறகு வசனம் வருவது பழுதல்ல. ஒலியைச் சுருக்கி அனுப்பி, மறுபுறம் விரிக்கப் பிடிக்கும் நேரமே அது. டி.வி.யின் ஒலி அமைப்பில் தாமதத்தைச் சரிசெய்யும் வசதி இருந்தால் பயன்படுத்தலாம். இல்லையேல், பெட்டியில் துளை இருக்குமானால், ஆக்ஸ் ஒயர் ஒன்றே போதும்.

ஒலி குறைந்தால், அணைந்தால்

கைபேசியிலும் பெட்டியிலும் தனித்தனியே ஒலி அளவு உண்டு. இரண்டையும் பார்க்க வேண்டும். சிறிது நேரம் பாட்டு இல்லையென்றால் தானே அணைந்துவிடும் பெட்டிகளும் உண்டு. அது மின்சாரச் சிக்கனம். சார்ஜ் ஏறாவிட்டால் முதலில் வேறு ஒயரை மாற்றிப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் நனைந்த பெட்டியை நன்றாக உலரும்வரை சார்ஜில் போடக் கூடாது. பாட்டரி உப்பியிருந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். குத்துவதும் நசுக்குவதும் தீ விபத்தில் முடியும்.

டி.வி.யோடு வரும் பெரிய செட்டில், ‘தம் தம்’ ஒலி தரும் தனிப் பெட்டி மௌனமானால், அதன் மின்பிளக் செருகியிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. கம்பியில்லாதது ஒலிக்குத்தான், மின்சாரத்துக்குக் கம்பி வேண்டும். அது சரியாக இருந்தால், இரண்டையும் அணைத்து, சற்றுப் பொறுத்து மீண்டும் போட்டுப் பார்க்கலாம்.

கடைசிச் சோதனை

நண்பரின் கைபேசியை இணைத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். அதில் ஒழுங்காகப் பாடினால் குறை முதல் கைபேசியில். அதிலும் விக்கி, ஆக்ஸ் ஒயரில் மட்டும் தெளிவாகப் பாடினால் குறை அலையிலோ புளூடூத் பகுதியிலோ இருக்கும். எதிலும் பாடாவிட்டால் பெட்டியிலேயே பழுது என்று கொள்ளலாம். அப்போதும் உத்தரவாதக் காலம் முடியவில்லையென்றால், திருகாணியைக் கழற்றாமல் ரசீதுடன் வாங்கிய இடத்துக்குப் போவதே லாபம். அந்த ரசீதைப் பத்திரப்படுத்தாதவர்தான் கடைசியில் கைக்காசை இழக்கிறார்.