சிரிப்புக்கும் ஒரு பேச்சு வேண்டும்

தோழர்களே, திருவிழா வந்தால் “சிரிப்புக் குழு ஒன்னு கூப்பிடலாமே” என்கிறார்கள் இளைஞர்கள். கூப்பிடலாம். ஆனால் பேசிக் கூப்பிட வேண்டும்.

கூலிம் பக்கம் ஒரு தோட்டத் திருவிழாவில், மேடையில் நின்றவர் முன்வரிசைப் பெண்ணின் கறுப்பு நிறத்தைக் கேலி செய்தார். ஆம்பளைங்க சிரிச்சாங்க. அந்தம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். முன்பணம் கொடுத்த கமிட்டியில் நானும் ஒருவன். அவரிடம் நாங்கள் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்துக்கு ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எல்லாரையும் தனித்தனியே பேசி அழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. பபூன் கூட்டத்தைப் பார்த்து அங்கேயே பேச்சைக் கட்டுவார். எழுதி வைக்காத பேச்சுக்குத்தான் முன்கூட்டியே எல்லை சொல்லணும். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957) கேலி செய்தது குடியையும் மூடநம்பிக்கையையும்தான்.

ஆகவே முன்பணம் கொடுக்குமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: நிறம், சாதி, பெண்கள் பற்றிக் கேலி கூடாது, பிள்ளைகள் தூங்குமுன் முடிக்கணும், வண்டிச் செலவு, சாப்பாடு யார் பொறுப்பு. பேச்சு நடக்கும்போது இரண்டு தாய்மார்களும் உடன் இருக்கட்டும்.

இன்னொன்று. நிகழ்ச்சி முடிந்ததும் மீதிப் பணத்தை அன்றிரவே எண்ணிக் கொடுங்கள். அவர்களும் கூலிக்கு உழைப்பவர்கள். கூலி பாக்கியின் வலி நமக்குத் தெரியாதா?