ஜொகூர் சின்னத்தில் இரு பயிர்கள்

ஜொகூர் மாநிலத்தின் அரசுச் சின்னத்தைத் தோட்டப்புற அன்பர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். அதன் பொருளை அறிவது நம் வரலாற்றின் ஒரு பகுதியை அறிவதாகும்.

நடுவில் கேடயம். அதில் இஸ்லாமியச் சமயத்தைக் குறிக்கும் பிறையும் ஐம்முனை விண்மீனும் உள்ளன. நான்கு மூலைகளிலும் எண்முனை விண்மீன்கள். மேலே சுல்தானின் மணிமுடி. இருமருங்கிலும் புலிகள் தாங்கி நிற்கின்றன. அடியிலுள்ள பட்டையில், இறைவனிடமே சரணடைகிறோம் எனப் பொருள்படும் வாசகம் ஜாவி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது.

இனிப் புலிகளின் காலடியை உற்று நோக்குங்கள். அங்குக் காணப்படுபவை கம்பிர்ச் செடியும் மிளகும் ஆகும்.

கம்பிர் என்பது யாது? நம் பெரியோர் வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டி இதன் சாற்றிலிருந்தும் எடுக்கப்படுவதுண்டு. இலைகளைக் கொப்பரையில் கொதிக்கவைத்து, சாறு இறுகியதும் கட்டிகளாக அறுப்பர். தோல் பதனிடுவதற்காக ஐரோப்பியர் அதனை விரும்பி வாங்கினர். காய்ச்சிய இலையின் சக்கை மிளகுக்கொடிக்கு உரமாயிற்று. ஆகவே இரு பயிர்களும் ஒரே தோட்டத்தில் இணைந்து வளர்ந்தன.

1844ஆம் ஆண்டு முதல் தெமெங்கோங் இப்ராகிம், ஆற்றோர நிலங்களைத் திருத்தச் சீனத் தலைவர்களுக்கு அனுமதிப் பத்திரம் வழங்கினார். அவர்களின்கீழ் வந்த தொழிலாளர்கள், புலிகள் உலவிய காட்டை அழித்துப் பயிரிட்டனர். தெமெங்கோங்கின் மைந்தர் சுல்தான் அபு பக்கார் காலத்தில் ஜொகூர் வளம்பெற்றதற்கு இவ்வுழைப்பே பெருந்துணை.

எனினும் கம்பிர் மண்ணின் சத்தை விரைவில் உறிஞ்சிவிடும். காய்ச்சுவதற்கு விறகும் ஏராளமாக வேண்டும். நிலம் வளமிழந்ததும் தொழிலாளர்கள் வேறு காட்டுக்குப் பெயர்ந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பரவியது. 1917இல் பழைய ஆற்றுரிமை முறை ஒழிக்கப்பட்டது. கம்பிர்த் தோட்டங்கள் மறைந்தன. கங்கார் பூலாய் போன்ற ஊர்ப்பெயர்களும் இச்சின்னமுமே அக்காலத்தை நினைவூட்டுகின்றன.

நம் முன்னோர் கடல் கடந்து வந்து வெட்டிய பால்மரம் இச்சின்னத்தில் இடம்பெறவில்லை. இன்று ரப்பர்க் காடுகள் பலவும் செம்பனைக்கு இடம் விட்டுவிட்டன. பயிர் மாறலாம், உழைத்தவரின் நினைவு மாறலாகாது. கம்பிர் பயிரிட்டோர் நினைவை மாநிலச் சின்னம் காக்கிறது. பால்மரம் வெட்டியோர் நினைவைக் காக்கும் கடமை நம்முடையது. வீட்டில் எஞ்சியுள்ள உளியையும் மங்கையும் பிள்ளைகளிடம் காட்டுங்கள். அவற்றைப் பிடித்த கைகளின் கதையையும் சொல்லுங்கள்.