தடுமாற்றம் அறியாமையன்று

தமிழ்மொழி மூலம் உயர்தரத்தில் சித்தியடைந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர் பலருக்கு அங்கு ஆங்கிலமே போதனாமொழியாகின்றது. அவர்களுள் 'டிஸ்லெக்ஸியா' எனப்படும் வாசிப்பு இடர்பாடு உடையோரும் உளர். அவர்தம் தடுமாற்றம் ஆங்கில அறிவின்மையாகவோ சோம்பலாகவோ கொள்ளப்படுகின்றது.

இது நுண்ணறிவுக் குறைபாடன்று. எழுத்தை ஒலியோடு இணைப்பதில் நேரும் சிரமமாகும். ஆங்கிலத்தில் எழுத்தும் உச்சரிப்பும் பெரிதும் வேறுபடுவதால், தாய்மொழியில் சமாளித்தவரும் அங்கு இடறக்கூடும்.

2016இல் இலங்கை ஏற்புறுதி செய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சமவாயம், உயர்கல்வியிலும் நியாயமான இசைவாக்கங்களைக் கோருகின்றது. பரீட்சையில் மேலதிக நேரம், முன்கூட்டியே விரிவுரைக் குறிப்புகள், விரிவுரைகளை ஒலிப்பதிவு செய்ய அனுமதி ஆகியன பெருஞ்செலவு வேண்டுபவையல்ல. இவை சலுகையல்ல, நியாயமே. எழுத்துப் பிழையைக் கண்டு திறமையை எடைபோடலாகாதென விரிவுரையாளர்களை நாம் கேட்டுக்கொள்கின்றோம்.