பழைய ஜீப் வாங்குவோர் கவனத்துக்கு: முதலில் எண், பிறகு என்ஜின்

பழைய ஜீப் ஒன்றைப் பார்க்கப் போகிறவர் முதல் வேலையாக பானெட்டைத் திறக்கிறார். ஃபோர் வீல் கியர் விழுகிறதா, சேஸிஸில் துரு ஏறியிருக்கிறதா, டிரான்ஸ்ஃபர் கேஸில் சத்தம் வருகிறதா என்று பட்டறைக்காரரை விட்டுப் பார்க்கச் சொல்கிறார். ஆர்.சி. புத்தகத்தைக் கேட்பதோ அட்வான்ஸ் கொடுத்த பிறகு. அதையும் புரட்டிப் பார்க்காமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறவர்களே அதிகம்.

கோவை, பொள்ளாச்சி, நீலகிரி, தேனி என்று மலையடிவார ஊர்களில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. எஸ்டேட் கொட்டகையில் கிடந்த மஹிந்திரா சி.ஜே.3பி, ராணுவ ஏலத்தில் வந்த ஜோங்கா, வடக்கிலிருந்து லாரியில் இறங்கிய ஜிப்ஸி என வண்டிதான் மாறுகிறது. டிங்கரிங், பெயின்ட், புது டயர், சீட் என்று சில லட்சங்கள் செலவான பின்பு பெயர் மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகம் போனால், ஆர்.சி.யில் இருப்பவர் பல ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார் என்பது தெரிகிறது. இடையில் மூன்று கைகள் மாறியிருக்கும். ஒருவரும் பெயர் மாற்றியிருக்க மாட்டார்கள்.

1947-இல் வில்லீஸ் ஜீப்பைக் கொண்டுவந்து மஹிந்திரா தொடங்கிய பயணம், ஜபல்பூர் தொழிற்சாலையில் உருவான ஜோங்கா, 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸி ஆகியவற்றின் மீதெல்லாம் இங்கே பலருக்கு உண்மையான பாசம் இருக்கிறது. வாங்கும் நாளில் அந்தப் பாசமே கண்ணை மறைக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது சேஸிஸ் எண். பழைய ஜீப்புகளில் அது இரண்டு இடங்களில் இருக்கும்: ஃபிரேமில் பொறித்த எண் ஒன்று, தகட்டில் அடித்துப் பொருத்தியது இன்னொன்று. தகட்டைக் கழற்றி வேறு வண்டியில் மாட்ட ஐந்து நிமிடம் போதும் என்பதால் ஃபிரேமில் உள்ள எண்ணையே நம்ப வேண்டும். கம்பி பிரஷ்ஷால் கிரீஸைத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுக்க வேண்டும். ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தும் இலக்கமும் பொருந்த வேண்டும். என்ஜின் எண்ணையும் அப்படியே பார்க்க வேண்டும். ஒரு இலக்கம் மங்கலாக இருந்தாலும் விலை பேசக் கூடாது.

பட்டறைக்கும் ஒரு எச்சரிக்கை. சாண்ட் பிளாஸ்டிங், வெல்டிங், தடிமனான பெயின்ட் எல்லாம் அந்த எண்ணை அழித்துவிடும். வேலை தொடங்கும் முன் எண்ணைப் புகைப்படம் எடுத்து, அந்த இடத்தை டேப் ஒட்டி மூட வேண்டும். துரு தின்று எண் போயிருந்தால், வேலையை நிறுத்திவிட்டு ஆர்.டி.ஓ.வுக்கு எழுத்துமூலம் தெரிவித்து, ஆய்வாளர் சொன்ன பிறகே தொட வேண்டும். பட்டறையில் வைத்துத் தானாக எண் அடிப்பவர், சுத்தமான வண்டியைத் திருட்டு வண்டி போல ஆக்கிவிடுகிறார். அப்படி அடிக்கவே கூடாது.

எண் பொருந்தினால் அடுத்த வேலை கணினியில். பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ பதிவெண்ணைப் போட்டால் பதிவு எதுவரை செல்லும், கடன் அடமானம் உண்டா, நிலுவைச் சலான் உண்டா என்பதைப் பார்க்கலாம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில், வண்டி திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பொதுமக்களே பார்க்க முடியும். இதற்கு எந்த புரோக்கரும் வேண்டாம். எம்.டி., டி.எம். என்று தொடங்கும் பழைய மூன்றெழுத்துப் பதிவெண்கள் பலவும் கணினியில் ஏறவில்லை. அவற்றை முதலில் பதிவு செய்த அலுவலகமே பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்ற வேண்டும். அந்தப் பதிவேடு கிடைக்குமா என்று வாங்கும் முன்பே நேரில் போய் விசாரிப்பது நல்லது.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவுப்படி, மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவங்களை வாங்கி வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது இங்கே பழக்கமாகிவிட்டது. விற்றவருக்கும் இது ஆபத்து. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவானது: வண்டி யார் யார் கைக்குப் போயிருந்தாலும், விபத்து நடந்த அன்று பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே. ஜீப்பை விற்பவர் படிவம் 29 கொடுத்த ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்காமல் சாவியைக் கொடுக்கக் கூடாது.

ஆர்.சி.யில் உள்ளவர் இறந்திருந்தால் நோட்டரி பத்திரம் போதாது. வாரிசுதாரர் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வைத்துப் படிவம் 31-இல் தன் பெயருக்கு முதலில் மாற்ற வேண்டும், பிறகே விற்க முடியும். மற்ற வாரிசுகளின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் தேவைப்படும். வாரிசுகள் வெளிநாட்டில் இருந்தாலும் இதற்குக் குறுக்கு வழி கிடையாது. ‘அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்’ என்று சொல்கிறவரிடம் வண்டி வாங்கவே கூடாது. ஆர்.சி. தொலைந்துவிட்டது என்றால், காவல்துறைச் சான்றோடு படிவம் 26-இல் நகல் எடுத்துத் தர வேண்டியது விற்பவரின் வேலை.

ராணுவ வண்டிக்கு வழி வேறு. அம்புக்குறி போட்ட ராணுவ எண் சாதாரண சாலைக்குச் செல்லாது. அதைச் சிவில் பதிவாக மாற்ற வேண்டும். ஏலம் எடுத்தவர், ராணுவ அதிகாரிகள் படிவம் 21-இல் தரும் அசல் விற்பனைச் சான்றோடு படிவம் 20-இல் விண்ணப்பிக்க வேண்டும். ஏலத்தில் எடுத்தவர் பதிவு செய்யாமலே அடுத்தவருக்குத் தள்ளிவிட்ட ஜோங்காக்கள்தான் கொட்டகைகளில் சிக்கிக் கிடக்கின்றன. அரசுத் துறை ஜீப்புகளிலும் கவனம் வேண்டும். 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு தானாகக் காலாவதியாகும், அவை உடைப்பு மையத்துக்கே போக வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

ஹரியானாவின் மண்டி டப்வாலி, பழைய உதிரிபாகங்களைக் கொண்டு ஜீப் கட்டுவதற்குப் பெயர்போன ஊர். அப்படிக் கட்டிய வண்டி பார்க்கப் புதிதாக மின்னும். அதன் ஃபிரேம் எந்த ஆர்.சி.க்கு உரியது என்பதே கேட்க வேண்டிய ஒரே கேள்வி. வெளிமாநில வண்டி எதுவானாலும் படிவம் 28-இல் என்.ஓ.சி. வேண்டும், அதோடு இங்கே வரியும் கட்ட வேண்டும். டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு வந்த கட்டுப்பாட்டால் அங்கிருந்து மலிவாக வருகிறவற்றில், பதிவே ரத்தானவையும் இருக்கலாம்.

விற்பவர் பழைய வண்டி வியாபாரி என்றால் படிவம் 29பி-யில் அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்வது வாங்குகிறவரின் உரிமை. ஏமாற்றப்பட்டவர் ரசீதோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காதவர் அங்கே எதைக் காட்டுவார்?

பதிவு முதல் 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் படிவம் 25-இல் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி, 20 ஆண்டு கடந்த இலகு ரக வாகனத்துக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய், இறக்குமதியான நான்கு சக்கர வாகனத்துக்கு 80,000 ரூபாய். ஆர்.சி.யில் ‘இறக்குமதி’ என்று இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே பார்ப்பது இதற்காகத்தான். தாமதக் கட்டணமும் பசுமை வரியும் தனி. காலாவதியான ஆர்.சி.யோடு ஓட்டுவது பதிவே இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம்.

மாற்றி அமைப்பதில்தான் பொதுமக்களின் அலட்சியம் உச்சம். பெட்ரோல் ஜீப்பில் வேறு கம்பெனி டீசல் என்ஜினை ஏற்றுகிறார்கள், ஃபிரேமை வெட்டிக் குறைக்கிறார்கள், பாடியையே மாற்றுகிறார்கள். ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். 2024-இல் வயநாட்டில் பதிவெண் இல்லாத, மாற்றியமைத்த ஜீப்பை ஒருவர் ஓட்டிய காட்சி பரவியபோது கேரள உயர் நீதிமன்றமே தலையிட்டது. அதே வகை என்ஜினை மாற்றுவதானால்கூட ஆர்.டி.ஓ.விடம் முன் ஒப்புதல் வாங்கி, மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யில் பதிய வேண்டும். முன் ஒப்புதல் என்றால் வேலைக்கு முன்; வேலை முடிந்த பிறகு அல்ல.

‘விண்டேஜ் பதிவு வாங்கிக்கொள்ளலாம்’ என்று நினைப்பவர்கள் 2021 ஜூலையில் வந்த விதிகளைப் படிக்க வேண்டும். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும்; சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. டீசல் என்ஜின் ஏற்றிய ஜீப் அந்த நிமிடமே தகுதி இழக்கிறது. படிவம் 20-இல் விண்ணப்பம்; புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குப் பின் மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்ட முடியும். தினமும் அலுவலகம் போக நினைப்பவர் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே சரி.

ஓட்டும்போது மூன்று விஷயங்கள். பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் இணைப்பு; ஒரு குழாய் கசிந்தால் நான்கும் போகும். மலையிறங்கும் முன் பிரேக் ஆயிலைப் பார்த்தே ஆக வேண்டும். அனுமதியின்றிக் காட்டுக்குள் ஏறுவது வனச் சட்டக் குற்றம். தனியார் தோட்டம் என்றாலும் தப்பவில்லை: 2022-இல் வாகமண்ணில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்த ஓட்டத்தில் கலந்துகொண்ட மலையாள நடிகர் ஒருவருக்கே அபராதம் விழுந்தது. சொந்த ஜீப்பில் காசுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறவருக்கு விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அவரிடமே வசூலிக்க வாய்ப்புண்டு.

எல்லாம் சரியாக இருந்தும் ‘பழைய வண்டி, இதெல்லாம் முடியாது, அடுத்த வாரம் வாங்க’ என்று கவுன்ட்டரில் திருப்பி அனுப்பும் அலுவலகங்களும் உண்டு. விதியில் இருக்கும் வழியைத் தேடிப் பார்க்கக்கூடச் சிலர் முயல்வதில்லை. விண்ணப்பதாரர் வாய்மொழி மறுப்போடு திரும்பக் கூடாது. விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டு, கட்டணம் கட்டிய எண்ணோடு நேரில் கொடுத்து, மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். எழுத்துமூல உத்தரவு கையில் வந்த 30 நாளுக்குள் சட்டத்தின் 57-ஆவது பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டோடு சேஸிஸ் எண்ணின் பென்சில் படி, ஆர்.சி. நகல், கட்டண ரசீது, மறுப்பு உத்தரவு நான்கையும் இணைக்க வேண்டும்.